ஒரு வளையத்தில் ஒன்பது சாவி

கால்கரிக்கு வந்த முதல் ஜனவரியில் ஒரு நாள், குப்பை போட வெளியே போனேன். பின்னாலேயே கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. மைனஸ் 28 டிகிரி, மேலே ஒரு ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. எதிர் வீட்டு மூதாட்டி உள்ளே இழுத்து உட்கார வைத்து, பூட்டுக்காரர் வரும்வரை தேநீர் கொடுத்தார். கிளம்பும்போது, "இன்னொரு சாவி இருந்தால் என்னிடம் கொடுத்து வை" என்றார். மறுநாளே கொடுத்தேன். அதற்கு அப்புறம்தான் அந்த ஊரில் எனக்குச் சரியாகத் தூக்கம் வந்தது.

போன வருஷம் காரைக்குடிக்குப் போனபோது அந்தச் சாவி நினைவுக்கு வந்தது. அழகப்பா கலைக் கல்லூரியில் நாங்கள் வேதியியல் முடித்து 25 ஆண்டு ஆனதற்காக எல்லோரும் கூடினோம். பல்லவனில் வந்து இரவு இறங்கினால், ஸ்டேஷனில் நாலு பேர் நிற்கிறார்கள். "டேய், வாடா!" என்று ஒருத்தன் கத்தினான். வேலை செய்யும் இடத்தில் என் பெயரைப் பாதியாக வெட்டித்தான் கூப்பிடுவார்கள். அந்த "டேய்" காதில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பழைய வகுப்பறையில் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்தோம். எங்கள் பேராசிரியர் 1947-இல் அழகப்பச் செட்டியார் இந்தக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து பேச ஆரம்பித்தார். மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவரும் செட்டியார்தான். அன்றைக்குப் படிக்கிற காலத்தில் இதெல்லாம் பரீட்சைக்கு வராத சங்கதி. இப்போது, அந்தக் கொடை இல்லையென்றால் கோட்டையூர்ப் பையன் நான் எந்தக் கல்லூரி வாசலை மிதித்திருப்பேன் என்று தோன்றியது.

சாப்பாடு முடிந்ததும் என் பக்கத்து பெஞ்சுக்காரன், "வா, ஒரு இடத்துக்குப் போவோம்" என்று வண்டியில் ஏற்றினான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், ஊரைவிட்டுப் போகாதவன். இடுப்பில் ஒரு வளையம், அதில் ஒன்பது சாவிகள். எல்லாம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களின் வீட்டுச் சாவிகள்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைத் திறந்தான். சாவி கை நீளத்தில் பாதி இருக்கும். இரண்டு கையாலும் திருகினால்தான் பூட்டு அசைகிறது. முகப்பைத் தாண்டினால் வளவு என்கிற உள்கட்டு. நடுமுற்றத்தில் வெயில் விழுந்து கிடந்தது. சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், பங்காளிக்கு ஒன்றாகப் பூட்டிய அறைகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தான். "இந்தக் கல்லு நடக்க நடக்கத்தான்டா மினுங்கும். ஆள் நடமாட்டம் இல்லன்னா மங்கிப்போயிரும். அதான் வாரம் ஒருக்கா வந்து குறுக்கும் நெடுக்குமா நடக்கிறேன்." நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கல் குளுகுளுவென்று இருந்தது.

இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் வெளிநாடு போவதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறியவர்கள் இங்கேதான் திரும்பி வந்தார்கள். போனவர்களின் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்த ஆச்சிமார்கள் இல்லாமல் அவர்கள் போயிருக்கவே முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். நானும் என் நண்பனை நம்பித்தான் போயிருக்கிறேன். அவனிடம் இதைச் சொன்னேன். "சரி சரி, அந்தச் சன்னலச் சாத்து" என்றான்.

கடைசியாகக் கோட்டையூர். வளையத்தில் இருந்ததிலேயே சின்னச் சாவி எங்கள் வீட்டுடையது. அதற்கு முந்தின வருஷம் அம்மா அவன் கையில் கொடுத்தது. திறந்தேன். அடுப்படி சுத்தமாக இருந்தது, மாடத்தில் விளக்குக்குத் திரி போட்டிருந்தது. அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பணியாரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து காரச் சட்னியோடு தின்றோம். எத்தனை தின்றேன் என்று கணக்கில்லை.

இருட்டியதும் நானே பூட்டினேன். சாவி என் சட்டைப்பைக்குள் போனது. அவன் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினான். எடுத்துக் கொடுத்தேன்.

"பின்கட்டுல இருவது ஓடு மாத்தணும்டா. ஐப்பசி மழைக்கு முன்னாடி பணம் அனுப்பிரு."