ஆடி மாசமும் என் மூக்கும்

19 ஜூலை 2024, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விடியறதுக்குள்ள அத்தை மல்லிகை பத்தி ஒரு கொத்தா ஏத்திட்டாங்க, ஹால் ஜன்னல் வேற சாத்தியிருக்கு, குளிச்சிட்டு வெளிய வரும்போதே நெத்திப்பொட்டு தெறிக்க ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு ஒத்தைத் தலைவலி கிளம்ப வெயிலும் வேணாம் பட்டினியும் வேணாம், சென்ட் வாசனை போதும். "பத்தியே வேணாம்னு சொல்லல அத்தை, இந்தப் பத்தி வேணாம்"னேன். திருக்கடவூர்ல குங்கிலியக் கலய நாயனார் பொண்டாட்டி தாலியக் குடுத்து குங்கிலியம் வாங்கினாரு, உனக்கு ஒரு மல்லிகை பத்தி தாங்கலையான்னாங்க. அவரு வாங்கினது மரத்துப் பிசின் அத்தை, சென்ட் இல்லன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. காபியோட சேத்து முழுங்கிட்டேன்.

20 ஜூலை, சனி

ஆனா விஷயமே அதான். கடையில மலிவா கிடைக்கிறது பெரும்பாலும் சென்ட்ல முக்கின பத்தி. மூங்கில் குச்சி மேல கரித்தூளும், ஒட்டுறதுக்கு ஜிகட்னு ஒரு மரப்பட்டைத் தூளும் பூசி காய வெப்பாங்க, அதுக்குன்னு தனியா பெருசா வாசனை கிடையாது, அப்புறம் சென்ட்ட டிஈபி மாதிரி ஒரு கரைப்பான்ல கலந்து அதுல முக்கி எடுப்பாங்க, அதனாலதான் ஒரே கறுப்பு குச்சி மல்லிகையும் ஆகும் ரோஜாவும் ஆகும். மசாலா பத்தி வேற. சந்தனத்தூள், வேர், பிசின்னு வாசனைப் பொருளையே மாவாக்கி குச்சில உருட்டுறது. மட்டிப்பால்னு ஒரு மரப்பிசின் சேத்திருந்தா காத்துல இருக்கற ஈரத்த இழுத்து குச்சி தொட்டா மெத்துன்னு இருக்கும். மசாலான்னு பேர போட்டு அது மேலயும் சென்ட் தெளிக்கிறவங்க இருக்காங்க, அதனால பேர மட்டும் நம்பி வாங்க முடியாது.

23 ஜூலை, செவ்வாய்

சாயங்காலம் மயிலாப்பூர் போனேன். கவர் பிரிக்காமலே கையெட்டும் தூரத்துல மூக்க குத்தினா அந்தப் பாக்கெட்ட அப்படியே வெச்சிடறது, குச்சிய விரல்ல தேச்சுப் பாத்து எண்ணெய் மாதிரி ஒட்டி, விரல்லயே வாசனை தங்கிட்டா அதுவும் வேணாம். கடைக்காரர் முறைக்கத்தான் செஞ்சாரு. ஒரே நேரத்துல நாலஞ்ச மோந்தா மூக்கு மரத்துடும்ங்கறதால ரெண்டோட நிறுத்திட்டேன். சந்தன மசாலா ஒண்ணு, நாட்டு மருந்துக் கடைல சாம்பிராணிக் கட்டி கொஞ்சம், வெட்டிவேர் ஒரு கட்டு. வீட்டுக்காரர் பில்லப் பாத்து ஒண்ணும் சொல்லல, அதுவே பெருசு.

26 ஜூலை, வெள்ளி

முழுப் பத்தி எதுக்குன்னு நேத்து ராத்திரி யோசிச்சேன், பூஜை முடிய பத்து நிமிஷம், பத்தி எரியறது முக்கா மணி நேரம். பாதில அணைக்கலாம்னா அத்தை அபசகுனம்ங்கறாங்க. அதனால ஏத்தறதுக்கு முன்னாடியே கீழ்ப்பாதி பூச்ச நகத்தால உதுத்துட்டேன், வெறும் குச்சி வந்ததும் தானா அணைஞ்சிடுச்சு, யாரும் கைய வெக்கல. ஜன்னல் ரெண்டையும் திறந்து வெச்சாச்சு. சீலிங் ஃபேன் மட்டும் போடக்கூடாது, புகைய வீடு முழுக்க பரப்பி விட்டுடும். அடுப்படி எக்ஸாஸ்ட் ஓடினா போதும்.

தலைவலி வரல. அத்தை "வாசனையே இல்லையே"ன்னாங்க, ஆனா ரெண்டு தடவ மோந்து பாத்தாங்க.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. சாம்பிராணி போடணும். கம்ப்யூட்டர் சாம்பிராணி வேணாம்னு முடிவு பண்ணியிருந்தேன், அந்தக் கப் ஏத்தினா ஹால் தெரியாது. தூபக்கால்ல கங்கு போட்டு, சாம்பல் மூடுற வரைக்கும் காத்திருந்து, மிளகு அளவு சாம்பிராணி மட்டும் போட்டேன். செக்கச்செவேல்னு இருக்கற கங்கு மேல கொட்டினா பிசின் கருகி புகைதான் கண்ண எரிக்குது, மெல்ல உருகினா நல்ல வாசனை. நாம போடற சாம்பிராணி சுமத்ரா பக்கத்து மரத்துப் பிசின்னு அத்தைக்கு சொன்னேன், "கப்பல்ல வந்ததா"ன்னு ஆச்சரியமா கேட்டாங்க. தலை காய வைக்கவும் கொஞ்சம் காட்டினாங்க, நான் என் முடிக்கு வேணாம்னுட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

எதிர்வீட்டு அக்கா பையனுக்கு வீசிங், அவங்களும் மசாலா பத்திக்கு மாறலாமான்னு கேட்டாங்க. வேணாங்க்கான்னுட்டேன். ஒரு கிராம் பத்தி எரிஞ்சா சுமார் 45 மில்லிகிராம் தூசு வரும்னு ஆய்வுல அளந்திருக்காங்க, சிகரெட்ல அது 10 தான். இயற்கைப் பொருள்னா எரியும்போது புகை வராதா என்ன? எனக்கு பிரச்சன சென்ட், அவனுக்கு பிரச்சன புகை, ரெண்டும் ஒண்ணு இல்ல. அவங்க வீட்டுல விளக்கும் பூவும் போதும், வேணும்னா உருளில தண்ணி ஊத்தி வெட்டிவேர் போட்டு வெக்கலாம். டாக்டர்கிட்டயும் கேட்டுக்கங்கன்னு சொன்னேன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

பூஜை அலமாரியத் திறந்தாலே இன்னும் மல்லிகை அடிக்குது, பழைய பாக்கெட் மிச்சம் உள்ளயே கிடக்கு. தூக்கிப் போட அத்தைக்கு மனசில்ல, சாமி பொருளாம். சரின்னு இறுக்க மூடுற டப்பாக்குள்ள போட்டு பரண்ல ஏத்தியாச்சு, தை மாசம் நாத்தனார் வந்தா குடுத்துவிடறதா பேச்சு. அவளுக்கு மல்லிகைன்னா உசுரு.