அதிரசம் இந்தத் தடவை பிரியவில்லை: மொட்டைமாடி வளைகாப்பு

108 அதிரசம் சுட்டேன். ஒன்றுகூட எண்ணெயில் பிரியவில்லை, ஒன்றுகூடக் கல்லாகவில்லை. மூன்று வாரமாக இதற்காகத்தான் தவித்தேன் என்பதால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பு. மண்டபம் வேண்டாம், கும்பகோணத்தில் நம் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம், சமையல் முழுக்க என் பொறுப்பு என்று ஒரு மாதம் முன்பே அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். 45 பேர். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் என்று ஐந்துக்கும் சேர்த்து ஐந்தரைக் கிலோ அரிசி போட்டேன், சரியாக இருந்தது. புளிக்காய்ச்சல் இரண்டு நாள் முன்பே தயார். இதெல்லாம் செய்து பழகியவர்களுக்குப் புதிதில்லை. வரிசைத் தட்டுக்கு அதிரசமும் நானே செய்வேன் என்று சொன்னதுதான் பெரிய வேலை.

முதல் சோதனை கால் கிலோ மாவுப் பச்சரிசியில். அளவு எல்லா வீட்டிலும் சொல்வதுதான், ஒரு பங்கு அரிசிக்கு முக்கால் பங்கு பாகு வெல்லம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து இருபது நிமிடம் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். பாகு கம்பிப் பதம் தாண்டியதும் இறக்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எண்ணெயில் போட்டால், போட்ட வேகத்தில் கரைந்து சட்டி முழுக்கப் பொடியாக மிதந்தது. பாகு இளசு. இது எனக்கே தெரிந்தது.

அடுத்த தடவை வெப்பமானி வாங்கினேன், முனை நீளமான டிஜிட்டல் ரகம். கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 100 காட்டியது, நம்பலாம். தண்ணீரில் விட்ட பாகு மெத்தென்று உருட்ட வரும் பதம் 112லிருந்து 116 டிகிரிக்குள் வரும். நடுவில் 115 என்று முடிவு செய்து, சரியாக 115இல் அடுப்பை அணைத்தேன். கிண்ணத் தண்ணீரில் விட்ட சொட்டும் அழகாக உருண்டது. ஏலக்காய், சுக்கு தட்டிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாவைச் சேர்த்துக் கிளறினேன். மறுநாள் மாவைத் தொட்டால் கெட்டி. சுட்டு எடுத்தது ஆறியதும் பல்லுக்குச் சவால். அம்மா ஒன்றை மென்று பார்த்துவிட்டு, "பாகு முத்திடுச்சுப்பா" என்றார். 115 எப்படி முத்தும் என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மூன்றாவது சோதனையில்தான் பிடிபட்டது. அடுப்பை அணைத்த பிறகும் வெப்பமானியை எடுக்காமல் விட்டு வைத்தேன். 115, 116, 117... ஏறிக்கொண்டே போய் 119இல் நின்றது. குற்றவாளி பாட்டியின் வெண்கல உருளி. அடி தடிமன், ஆறு லிட்டர் பிடிக்கும். அதன் அடியில் இருநூறு கிராம் வெல்லம் கொதித்தால், அணைத்த பிறகும் வெண்கலம் தேக்கி வைத்த சூடு பாகைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது. நான் மாவைச் சேர்ப்பதற்குள் பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடுகிறது. அதே வெல்லத்தை, அதே 115இல், மெல்லிய அலுமினியச் சட்டியில் காய்ச்சிப் பார்த்தேன். ஒரு டிகிரிதான் ஏறியது, மாவும் மென்மையாக வந்தது. பதம் பார்க்கத் தெரிந்த பாட்டிகள் ஏன் 'கொஞ்சம் முன்னாலேயே இறக்கு' என்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் கை கணக்கிட்டது இந்த உருளியின் சூட்டைத்தான்.

இன்னொரு விஷயம், முனை உருளியின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் பாகின் சூட்டுக்குப் பதிலாக உலோகத்தின் சூட்டைக் காட்டும், நீங்கள் சீக்கிரமே இறக்கிவிடுவீர்கள். நடுப் பாகில் தொங்குகிற மாதிரி பிடிக்க வேண்டும்.

இறுதிச் செய்முறைக்கு இரண்டு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ வெல்லம். அலுமினியச் சட்டியில் இவ்வளவு கொள்ளாது, உருளியேதான். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, 112இல் அணைத்து, உடனே தூக்கி ஈரச் சாக்கின் மேல் வைத்தேன். பாகு அதிகம் என்பதால் சூடு இரண்டு டிகிரி மட்டுமே ஏறி 114இல் நின்றது. நான் பயந்த அளவுக்கு ஏறவில்லை. ஆக, சின்ன அளவுக்குப் பெரிய உருளி வைத்தால்தான் ஆபத்து அதிகம். சோதனை செய்கிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

மாவு விஷயத்திலும் ஒரு மாற்றம் செய்தேன். மிக்ஸி ஓடஓடச் சூடாகி ஈரத்தைக் குடித்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் நிறுத்தி நிறுத்தி அரைத்தேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அரைத்த மாவைக் காயவிடாமல் அப்போதே பாகில் சேர்த்துவிட வேண்டும். எல்லா மாவையும் கொட்டத் தேவையில்லை. இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வரும்போதே நிறுத்திவிடுங்கள், ஆற ஆற அது இறுகும். மேலே நெய் தடவி, துணி கட்டி இரண்டு நாள். எண்ணெய் 160 டிகிரியில், இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே எண்ணெய் வடிய அழுத்தி எடுத்தேன். இப்படி அழுத்துவதற்கான அதிரசக் கட்டையை மரத்தில் செய்து தரச் சொல்லியிருக்கிறேன், ஆசாரி இன்னும் தரவில்லை.

வெல்லம் பற்றி ஒரு வார்த்தை. வெளுப்பாக, பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள், நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் சேர்ப்பது உண்டு. கருப்பட்டி நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்லத்தில்தான் எனக்குப் பாகு சரியாக வந்தது. அடுத்து கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் ஒரு முறை செய்து பார்க்க ஆசை.

அலங்காரத்துக்குச் செலவு மிகக் குறைவு. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் நான்கைக் கயிற்றில் தொங்கவிட்டு, நடுவில் சாமந்திச் சரம். பிளாஸ்டிக் பலூன் எதுவும் இல்லை. தென்னங்குருத்துத் தோரணம் மட்டும் நானே பின்ன வேண்டும் என்று இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பா முதல் நாள் மாலையே குருத்து வெட்டி ஈரச் சாக்கில் சுற்றித் தந்து, மடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். நான் பின்னிய ஒன்றில், ஓலையில் மடிக்கும் குருவிகளில் ஒன்று கிழிந்து மூன்றுதான் இருந்தது. அதைக் கட்டப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "நல்ல காரியத்துக்கு நாலு குருவிடா தம்பி. மூணு துக்க வீட்டுக்கு." உடனே அதை எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்த ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துத்தான் கட்டினோம். கிளி மடிப்பு எனக்கு இன்னும் வரவில்லை, கழுத்துப் பக்கம் அவிழ்ந்துவிடுகிறது.

வளையலில் ஒரு சிக்கல். இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய முதல் கட்டில் டஜனுக்கு இரண்டு, மூன்று உடைந்தே வந்தது. பிறகு பெரிய கடைத் தெருவில் நேரில் போய் எடுத்தேன். நம் ஊரில் விற்கும் கண்ணாடி வளையல் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வருவது, அவ்வளவு தூரம் வந்த சரக்கைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வளையல் அளவு 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், அதாவது உள்விட்டம் இரண்டேகால் அங்குலம். தங்கைக்குக் கை கொஞ்சம் வீங்கியிருந்ததால் 2.6 எடுத்தது நல்லதாயிற்று. வந்த பெண்களுக்கு 2.4, 2.6, 2.8 மூன்றும் கலந்து வைத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்க மறந்துவிட்டேன், தொட்டில் போடும் நாளுக்கு அதை முதலில் எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கை இரண்டு அதிரசம் சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, பாட்டி சுட்டது மாதிரியே இருக்கு" என்றாள். சம்பந்தி அம்மா பாகுப் பதம் கேட்டார்கள். 112 என்று சொன்னதும் புரியாமல் பார்த்தார்கள். உருளியைக் காட்டி விளக்கினேன்.

அரைக் கிலோ மாவை மட்டும் சுடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் நாளான இன்று காலை மூன்று சுட்டேன். ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே இரண்டாம் நாள் சுட்டதைவிட மென்மை. மிச்சத்தைப் பத்தாம் நாள் சுடுவேன்.