புதர்த்தவளைக்குப் பெயர் சூட்டும் வேலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவும் கட்டைவிரல் அளவுதான். ஒரே இனத்தில் பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும். நிறத்தை நம்பிப் புது இனம் என்று சொல்ல முடியாது. குரலில் தொடங்குவதே சரி.

வனத்துறை அனுமதி வாங்கிய பிறகு, மழைக்கால இரவுகளில் ஆண் தவளையின் கத்தலைப் பதிவு செய்கிறோம். முடித்த கையோடு காற்றின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். குளிர் கூடினால் கத்தும் வேகம் குறையும். வெப்பநிலை தெரியாத பதிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. முதுகு, வயிறு, தொடையின் உட்புறம் எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே படமெடுத்துவிட வேண்டும். எத்தனாலில் நிறம் நிற்காது.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஃபார்மலினைத் தொடும் முன்பே கல்லீரலிலோ தொடைத் தசையிலோ சிறு துண்டு எடுத்துத் தூய எத்தனாலில் போட்டாக வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். பிறகு விரல்களை விரித்து, உடலை 10 சதவீத ஃபார்மலினில் ஓரிரு நாள் வைத்து, நீரில் அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுகிறோம். துண்டுக்கும் உடலுக்கும் ஒரே எண். எண் மாறினால் அந்த மாதிரியே வீண்.

இனங்களை ஒப்பிடப் பயன்படும் 16எஸ் மரபணுவில் 3 சதவீத வேறுபாடு, புது இனமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு சுட்டிக்காட்டல் மட்டுமே. குரலும் உடலமைப்பும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

அதிக நாள் பிடிப்பது பழைய பெயர்களைத் துருவும் வேலை. முன்பே யாராவது பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயருக்கே உரிமை. 19ஆம் நூற்றாண்டில் பெயர் சூட்ட அடிப்படையாக இருந்த மூல மாதிரிகள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிலவற்றின் சீட்டில் 'மலபார்' என்பதற்கு மேல் இடக்குறிப்பு இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மலை! பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, மாறியவற்றையும் விடக்கூடாது. 2005இல் ஃபிலாட்டஸ் பொன்முடி என்று விவரிக்கப்பட்ட தவளை, 2010இல் ராவோர்கெஸ்டிஸ் பேரினம் உருவானதும் அதற்குள் போனது. பெயரிட்டவர்களின் பெயர்கள் இப்போது அடைப்புக்குறிக்குள் வருவது அதனால்தான். பழைய பேரினப் பெயரில் மட்டும் தேடினாலும், புதியதில் மட்டும் தேடினாலும் பாதிதான் கிடைக்கும்.

பொன்முடி என்ற ஊர்ப்பெயர் மாறாமல் அப்படியே நிற்கிறது. ஊர்ப்பெயரோடு 'என்சிஸ்' விகுதியும் சேர்க்கலாம். ஒரு ஆணின் பெயரானால் 'ஐ', பெண்ணின் பெயரானால் 'ஏ' விகுதி.

புதுப் பெயருக்கு அடிப்படையாகும் முதன்மை மாதிரி ஒன்றே ஒன்றைக் கட்டுரையில் எண்ணோடு குறிப்பிட வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழ் என்றால், விலங்குப் பெயர்களின் பதிவேடான ஜூபேங்கில் பதிந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயர் செல்லாது.