தோள் இறங்குன பிளேசர், இப்போ வரைக்கும்

பிளேசருக்கு ஒரு ஹூட் மாட்டி விட்டா ஸ்ட்ரீட்வேர் ஆயிடும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ரெண்டு டிரஸ்ஸ நடுவுல வெட்டி ஒட்டுன மாதிரி தான் இருக்கும். நான் பண்றது வேற, காலரும் லேப்பலும் (காலருக்குக் கீழ நெஞ்சுல மடிஞ்சு கிடக்குற பட்டை) பக்கா கோட்டு, தோளுக்கு அப்புறம் எல்லாமே ஹூடி லூசு.

இதுல பாதி நேரத்த தின்னது கை தான். ஷோல்டர் தையல 5 செ.மீ கீழ இறக்குனேன். தோளோட உருண்டைய இப்போ உடம்பு துணியே மூடிடுது, அதனால கையோட மேல் வளைவுல அவ்ளோ உயரம் தேவையில்ல, நல்லா தட்டையாக்கி, கோட்டுக் கைல சுருக்கி ஏத்துவோமே அந்த எக்ஸ்ட்ரா துணியையும் எடுத்தாச்சு. கை தூக்க ரொம்ப ஃப்ரீ, ஆனா கைய தொங்க விட்டா அக்குள்கிட்ட மடிப்பு விழும். ஹூடில அது அழகு, வெறப்பான சூட் துணில அதே மடிப்பு அளவு தப்பா தச்ச மாதிரி தெரியும், அதான் நல்லா விழுற மெல்லிசு உல்லன் கலப்புக்கு மாறிட்டேன்.

ஷோல்டர் பேட் கிடையாது. இது ஒண்ணும் புதுசில்ல, 1970கள்லயே இத்தாலி டிசைனர் அர்மானி பேட், உள் கேன்வாஸ் (கோட்டு வடிவம் நிக்க உள்ள வைக்கிற வெறப்புத் துணி) எல்லாத்தையும் குறைச்சு கோட்ட தளர வச்சிட்டாரு. ஆனா லேப்பல்ல கேன்வாஸ விட மனசு வரல. லேப்பல் மடியுற லைன்ல ஒரு காட்டன் டேப், அந்த லைனோட நீளத்த விட 1 செ.மீ கம்மியா வெட்டி, துணிய லேசா உள்வாங்கி கையாலயே தச்சேன். மாட்டிப் பார்த்தா லேப்பல் நெஞ்சுல அப்படியே படியுது, குனிஞ்சாலும் வாய் பொளக்கல. மொத்த சட்டையும் தொளதொளன்னு இருக்கும்போது இந்த ஒரு இடம் தான் "இது கோட்டு"ன்னு சொல்லுது.

கை நுனில ரிப், அதாவது இழுத்தா நீளுற பின்னல் துணி. கை வாயோட சுத்தளவுல முக்கால் பங்குக்கு கொஞ்சம் கூட வெட்டி இழுத்துத் தச்சது, முனை மழுங்குன பால்பாயின்ட் ஊசி போட்டா ரிப்போட இழை அறுந்து ஓடாது. கைத் துணில வர்ற சுருக்கத்த சுத்தி விட்டா கொஞ்சம் குழந்தை சட்டை மாதிரி வருது, அதனால பின்பக்கமா ரெண்டே ப்ளீட்ல அடக்கிட்டேன்.

பேன்ட் ஐடியா 1940கள்ல அமெரிக்கால போட்ட ஸூட் சூட்ல (zoot suit) இருந்து எடுத்தது, நீள கோட்டு, முட்டிகிட்ட அகலம், கணுக்கால்ல டைட்டு. மேல இவ்ளோ அகலம் இருந்தா கீழ எங்கயாவது புடிச்சே ஆகணும்ல. இடுப்புல எலாஸ்டிக்கும் நாடாவும், முன்னாடி மட்டும் கத்தி மாதிரி அயர்ன் கோடு.

பாக்கெட் இன்னும் முடிவாகல. வெல்ட் பாக்கெட்டா (துணிய கீறி உள்பக்கமா பை வைக்கிறது) வெட்டினா கோட்டு பக்கம் சாயுது, மேல வச்சு தைக்கிற பெரிய பாக்கெட்னா மொபைல் வெயிட்டுக்கே இந்த மெல்லிசு துணி தொங்கிடும். உள்பக்கம் ஒரு துண்டு கேன்வாஸ் வச்சு மேல் பாக்கெட்டே தைக்கலாம்னு இருக்கேன், முதல்ல வேஸ்ட் துணில.