எட்டை நிற்க வைப்பது

"குதிரைக்குப் பக்கத்தில் ஓடுவதற்குச் சம்பளமா?" என்று ஊரிலிருந்து பெரியப்பா போனில் கேட்டார். ஓடுவதற்கு மட்டும் இல்லை பெரியப்பா, நான் ஓடுவது யார் கண்ணிலும் படாமல் ஓடுவதற்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஊரில் மழை பெய்ததா இல்லையா என்ற பேச்சுக்குப் போய்விட்டார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் வேலையில் பாதி அதுதான்.

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பக்கம் ஒரு லாயத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். முதல் இரண்டு வருடம் சாணி அள்ளுவது, வைக்கோல் மாற்றுவது, குளம்பு சுத்தம் செய்வது. அப்புறம் மெதுவாகக் குழந்தைகளின் போனிகள் என் கைக்கு வந்தன. போனி என்றால் குட்டிக் குதிரை என்று நம் ஊரில் நினைப்பார்கள். குட்டி இல்லை, வளர்ந்ததே அவ்வளவுதான். இருபது வயதுப் போனி ஒன்று எங்கள் லாயத்தில் இருக்கிறது. அது மூன்று குடும்பங்களின் பிள்ளைகளை முதுகில் சுமந்து வளர்த்துவிட்டது.

லீட் ரெயின் என்பது ஷோ உலகின், அதாவது குதிரைகளை நடத்திக் காட்டும் போட்டிகளின், அரிச்சுவடி வகுப்பு. போனியின் உயரம் 122 செ.மீ.க்குள், அதாவது 12 கை. ஒரு கை என்பது 4 அங்குலம். மேலே உட்காரும் பிள்ளைக்கு மூன்று வயதாவது நிறைந்திருக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்கு மேல் போனால் அடுத்த வகுப்புக்கு ஏறிவிட வேண்டும். பிள்ளை கையில் லகான் இருக்கும், என் கையில் ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் போனியின் மூக்குப்பட்டையில் மட்டும்தான் மாட்டலாம், வாயிலுள்ள இரும்பில் மாட்டக் கூடாது. நடை, டிராட் இரண்டு மட்டும்தான் உண்டு. டிராட் என்றால் நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலுள்ள துள்ளோட்டம். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் பிரிட்டிஷ் ஷோ போனி சொசைட்டி 1949-இல் தொடங்கியது. குதிரை வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் கனவு காணும் 'ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ'வும் அதே ஆண்டுதான் முதலில் நடந்தது. இப்போது அது அக்டோபரில் பர்மிங்ஹாம் என்.இ.சி. அரங்கில் நடக்கிறது. கோடை முழுக்க வயல்வெளி ஷோக்களில் தகுதி பெற்றால்தான் அங்கே போக முடியும்.

போட்டியில் முதலில் எல்லாரும் சேர்ந்து வளையத்தைச் சுற்றுவோம். ஜட்ஜ் ஒரு உத்தேச வரிசையில் நிற்க வைப்பார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து தனியாகச் செய்து காட்ட வேண்டும். ஒரு நிமிடம், கூடிப் போனால் ஒன்றரை நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு மார்ச் மாதத்திலிருந்து திட்டம் போடுவோம் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும்.

என் முதல் திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. வரிசையிலிருந்து நடந்து வந்து, ஜட்ஜுக்கு முன்னால் டிராட்டில் ஒரு எட்டு போட்டு, நின்று வணங்கித் திரும்புவது. நம் ஊரில் லைசென்ஸ் வாங்க வண்டியில் எட்டு போடுவோமே, அதே எட்டுதான். குழந்தை தடுமாறவில்லை, போனியும் ஒழுங்காக வந்தது. உத்தேச வரிசையில் இரண்டாவதாக நின்றவர்கள் ஆறாவது இடத்தோடு வெளியே வந்தோம். எனக்குக் காரணமே புரியவில்லை. முடிந்ததும் அந்த ஜட்ஜ் அம்மா பக்கத்தில் வந்து, "உங்கள் கோட்டு மிகவும் நன்றாக இருந்தது, போனியை இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்" என்றார். கேலியா ஆறுதலா என்று யோசித்துக்கொண்டே வண்டிக்குப் போனேன்.

அன்று இரவு சமையலறை மேஜையில் உப்பு டப்பாவை ஜட்ஜாக வைத்து, ஒரு கரண்டியைப் போனியாக நகர்த்திப் பார்த்தேன். போனியை எப்போதும் அதன் இடப்பக்கம் நின்றுதான் நடத்துகிறேன். போனி ஜட்ஜின் இடமிருந்து வலமாகப் போனால் நான் போனிக்கு அந்தப் பக்கம் இருப்பேன். அவருக்குப் போனியும் பிள்ளையும் முழுசாகத் தெரியும். வலமிருந்து இடமாகப் போனால் நடுவில் சுவர் மாதிரி நான்தான், என் கோட்டும் தொப்பியும்தான். நான் போட்டதோ படுத்த எட்டு. இரண்டு வட்டமும் ஜட்ஜுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில். அப்படிப் போட்டால் ஒரு வட்டத்தில் கிட்டே வரும்போது இடமிருந்து வலம், அடுத்த வட்டத்தில் கிட்டே வரும்போது வலமிருந்து இடம். எப்படித் திருப்பினாலும் பாதி நேரம் மறைப்பு.

சரி, எட்டை நிமிர்த்தி நிற்க வைத்தால்? ஒரு வட்டம் ஜட்ஜுக்குக் கிட்டே, இன்னொன்று அதற்குப் பின்னால் தூரத்தில். கிட்டே உள்ள வட்டத்தை இடப்பக்கம் திரும்பியே போடுவது, தூரத்து வட்டத்தை வலப்பக்கம் திரும்பிப் போடுவது. கரண்டியை நகர்த்திப் பார்த்தேன். ஜட்ஜுக்கு மிக அருகே கடக்கும்போதும் இடமிருந்து வலம், தூரத்து ஓரத்தில் கடக்கும்போதும் இடமிருந்து வலம். இரண்டு இடத்திலும் போனி முன்னால், நான் பின்னால். என்னவோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் லாயத்து முதலாளி அம்மாவிடம் சொன்னபோது, "ஆமாம், அதனால்தானே எல்லாரும் வளையத்தை வலச்சுற்றாகச் சுற்றுகிறோம்" என்றார். ஜட்ஜ் நடுவில் நிற்கிறார், நாங்கள் வெளி ஓரத்தில் ஓடுகிறோம். இரண்டு வருடமாகச் சுற்றியிருக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நிற்கிற எட்டில் ஒரு சங்கடம் உண்டு. தூரத்து வட்டத்தில் நான் வெளிப்பக்கம். போனியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், வட்டம் சின்னதோ பெரியதோ, போனியைவிட ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். கிட்டத்து வட்டத்தில் அதே அளவு குறைத்து ஓட வேண்டும். வேகம் மாறக் கூடாதது போனிக்கு, மாற வேண்டியது எனக்கு. வெளியே ஓடும்போது நான் பின்தங்கினால் வார் இறுகிப் போனியின் தலை என் பக்கம் திரும்பும். வார் எப்போதும் லேசாகத் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும்; துணி காயப்போடும் கொடி தொய்ந்திருக்குமே, அந்த அளவுக்கு. அதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் தினமும் காலையில் ஓடிப் பழகினேன். மூச்சிரைத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, முகம் சிரித்த மாதிரி இருக்க வேண்டும்.

போன வருடம் என் பொறுப்பில் இருந்தவள் ஐந்து வயதுக் குட்டிப் பெண். போனி, வெல்ஷ் மலை இனத்துச் சாம்பல் நிறக் குதிரை. லாயத்தில் அதற்குப் பெயர் பிஸ்கட். ஷோ பெயர் ஒன்று நீளமாக உண்டு, அது அச்சிட்ட அட்டவணையில் மட்டும்தான். பிஸ்கட்டுக்கு ஒரே ஒரு குணம்: வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வேகமாகும், எதிர்ப்பக்கம் சோம்பும். அதனால் புல்வெளியில் நான்கு ஆரஞ்சுக் கூம்பு வைத்துப் பழகும்போதே வாசலை ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் என்று மாற்றி வைத்துக்கொள்வேன். சரிவையும் பார்ப்பேன். இறக்கத்தில் டிராட் போனால் போனி முன்னங்காலில் விழுகிற மாதிரி ஆகும், ஏற்றத்தில் பின்னங்கால் நன்றாக வேலை செய்யும். வயல்வெளி ஷோக்களில் சமதளம் என்பது அதிர்ஷ்டம்தான்.

எட்டின் நடுவில், வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பிள்ளைக்கு உண்மையான வேலை. டிராட்டில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து வர வேண்டும். போனியின் வெளிப்பக்கத்துத் தோள் முன்னால் போகும்போது எழ வேண்டும். திசை மாறினால் வெளிப்பக்கமும் மாறுகிறது, ஆகவே ஒரு தாளத்தட்டு கூடுதலாக உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து வயதில் இது கஷ்டம். இது இல்லாமலும் ஜெயித்தவர்கள் உண்டு, இருந்தால் அழகு. "உங்க பக்கத் தோளா, என் பக்கத் தோளா?" என்று அவள் கேட்பாள். கிட்டத்து வட்டத்தில் அவள் பக்கம், தூரத்து வட்டத்தில் என் பக்கம் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். அதோடு வெட்டும் இடத்தில் மூன்று அடி நடைக்கு இறங்கி மறுபடி டிராட் எடுப்பது என்று வைத்தேன். பார்ப்பதற்கு அடக்கமாகவும் இருக்கும், அவளுக்கு யோசிக்க நேரமும் கிடைக்கும்.

போனி இல்லாமலே நிறையப் பழகினோம். அவள் போனி, நான் நான். அவள் வீட்டுப் புல்தரையில் கைகளை லகான் பிடிப்பது போல் வைத்துக்கொண்டு எட்டு போடுவாள். ஒரு நாள் வேண்டுமென்றே நின்று புல்லைக் கடிக்கக் குனிந்தாள். "பிஸ்கட் இப்படித்தானே செய்யும்?" என்றாள். அது ஷோவில் நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "உங்களைப் பார்க்க மாட்டேன், ஜட்ஜைப் பார்ப்பேன்" என்றாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

அம்மாக்களோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை அதிகம். இவள் அம்மா நல்லவர், ஆனால் இன்டர்நெட்டில் எதையாவது பார்த்துவிட்டு வருவார். பின்னோக்கி நான்கு அடி வைத்துக் காட்டினால் என்ன, ஒரு சின்ன வட்டம் கூடச் சேர்த்தால் என்ன. ஒவ்வொன்றும் ஒரு விநாடி அழகுக்கு, இருபது விநாடி ஆபத்து. பிஸ்கட் பின்னால் போகும்போது கோணலாகப் போகும். அதை ஏன் நாமே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்? மதியம் மூன்று மணிக்கு மழையில் பதினைந்தாவது போனியைப் பார்க்கும் ஜட்ஜின் நிலைமையையும் நினைக்க வேண்டும். அவர் தேடுவது, ஒரு சின்னப் பிள்ளையை நம்பி ஏற்றலாம் என்கிற போனி. என் பட்டியலில் எதையாவது சேர்ப்பதை விட எடுப்பதில்தான் எனக்குச் சந்தோஷம்.

கடைசியில் நிற்பது. அதற்குத்தான் அதிகமாகப் பழகுவோம். ஜட்ஜுக்கு முன் பக்கவாட்டில், மறுபடி இடமிருந்து வலமாக வந்து, நான்கு காலும் சதுரமாக, லகான் தளர்வாக. நான் ஓரடி விலகிக்கொள்வேன். அவள் மனசுக்குள் பிஸ்கட்டின் பெயரை மூன்று முறை சொல்லிவிட்டு, இரண்டு லகானையும் ஒரு கையில் எடுத்து, வலக்கையைத் தொங்கவிட்டுத் தலை குனிவாள். முதலில் எண்ணத்தான் சொன்னேன். ஒன்று இரண்டு மூன்று என்று ஐந்து வயதுப் பிள்ளை எண்ணினால் அரை விநாடியில் முடிந்துவிடுகிறது.

ஜூலையில் ஒரு ஷோ. முந்தின நாள் மழை, தூரத்து மூலையில் சேறு. ஜட்ஜும் நாங்கள் நினைத்த இடத்தில் நிற்காமல் வாசலுக்கு எதிரே நின்றுகொண்டார். உத்தேச வரிசையில் ஐந்தாவது. முன்னால் போன நான்கு பேரும் எங்கே வழுக்குகிறார்கள் என்று பார்த்து வைத்தேன். தூரத்து வட்டத்தைத் தட்டையாக்கி, சேற்றுக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடலாம் என்று அவள் முழங்காலில் விரலால் வரைந்து காட்டினேன். வயிறு சப்பிய எட்டு. அவள் ஜோட்பூர் கால்சட்டையின் பட்டையைச் சரி செய்வது போல் குனிந்து, "புரிந்தது" என்றாள்.

நடந்தோம். முதல் வட்டத்தில் பிஸ்கட் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் நீட்டி எடுத்து வைத்தது; அது நல்லதாகவே போயிற்று, ஜட்ஜ் முன்னால் டிராட் மிதந்தது. வெட்டும் இடத்தில் மூன்று அடி நடை. "உங்க பக்கம்" என்று அவள் முணுமுணுத்தது கேட்டது. தூரத்து ஓரத்தில் என் ஷூ ஒரு முறை வழுக்கியது, வார் இறுகவில்லை. நின்றோம். மூன்று பிஸ்கட். வணக்கம். பிஸ்கட் ஒரு பெருமூச்சு விட்டது, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி.

இரண்டாவதாக வந்தோம். வண்டியில் போனியை ஏற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா போனை எடுத்துக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு வெளியே, ஜட்ஜுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்று முழுவதையும் வீடியோ எடுத்திருக்கிறார். முகத்தில் ஒரு வருத்தம்.

"பாருங்களேன், நல்ல இடமாகப் பார்த்துத்தான் நின்றேன். முக்கியமான இடம் எல்லாவற்றிலும் உங்கள் முதுகுதான் தெரிகிறது, பிள்ளை தெரியவே இல்லை."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கிட்டத்து ஓரம், தூரத்து ஓரம், நிற்கும் இடம், எல்லாவற்றிலும் என் நீலக் கோட்டுதான். கோட்டுக்கு மேலே பிள்ளையின் தொப்பி மட்டும் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வீடியோவை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.

பெரியப்பாவுக்கு அனுப்பி வைத்தேன். "இதில் நீ மட்டும்தானேம்மா ஓடுகிறாய்?" என்று பதில் வந்தது.