சோழியில் பூத்த உப்பு

அப்பத்தாவின் பல்லாங்குழிச் சோழிகள் மொத்தம் 84. கல்யாணமான புதிதில் ராமேசுவரத்தில் வாங்கியவை. போன வருஷம் அவற்றைக் கேட்டு வாங்கி வகை பிரிக்க உட்கார்ந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டு இனங்கள் கலந்திருப்பது தெரிந்தது. ஓரம் முண்டும் முடிச்சுமாக, மஞ்சள் ஓடியிருப்பது பணச்சோழி, அதாவது மொனிட்டேரியா மொனிட்டா. மாலத்தீவிலிருந்து மூட்டை மூட்டையாக வங்காளத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்க் காசாகப் புழங்கியது இதுதான். முதுகில் ஆரஞ்சு வளையம் இருப்பது மொனிட்டேரியா அன்னுலஸ். முதல் வகை 61, இரண்டாவது 23.

சோழியின் பளபளப்பு யாரும் மெருகேற்றி வந்ததில்லை. உயிரோடு இருக்கும்போது அந்த நத்தை தன் சதை மடிப்பை இரண்டு பக்கமும் வெளியே விரித்து ஓட்டையே போர்த்திக்கொள்ளும். ஓட்டின் மேல் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றுவதும், உரசல் படாமல் காப்பதும் அந்த மடிப்புதான்.

ஜூலையில் ஆசாரியிடம் சொல்லி, பைன் பலகையில் ப்ளைவுட் அடித்தட்டு வைத்து ஒரு பெட்டி செய்து வாங்கினேன். எங்கள் வீடு கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம். ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை. 31 சோழிகளின் மேல் வெள்ளைப் பொடி.

இங்கே செருப்பு, பெல்ட், பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை எல்லாமே பூசணம் பிடிக்கும். அதனால் துடைத்து வெயிலில் வைத்தேன். பத்தே நாளில் திரும்ப வந்தது. அப்பத்தாதான் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “என்னடா தம்பி, செவுரு மாதிரி உப்புப் பூத்துக் கெடக்கு? அம்பது வருஷமா பவுடர் டப்பாவுலதான கெடந்துச்சு, ஒண்ணும் ஆகலையே.”

லென்ஸில் பார்த்தேன். பூசணத்துக்கு நூல் இருக்கும். இதில் நூலே இல்லை, ஊசி ஊசியாகப் படிகம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்தது. உப்பேதான்.

தேடிப் படித்தபோது இதற்குப் ‘பைன் நோய்’ என்று பெயர் இருப்பது தெரிந்தது. பைன் மரத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. லாஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயர் 1899இல் இதைப் பற்றி எழுதினார். பாக்டீரியா என்று அவர் நினைத்தது தவறு, இது நோயே இல்லை. மரமும் ப்ளைவுட்டும் அட்டையும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியைக் கசியவிடும். ஈரக்காற்றில் அது ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைத் தின்று உப்பாக்குகிறது.

அப்படியென்றால் குற்றவாளி மழையா, பெட்டியா? அப்பத்தாவின் சோழியைப் பலி கொடுக்க மனசு வரவில்லை. பழனி அடிவாரத்தில் 24 சோழி வாங்கி வந்து, நவம்பர் முதல் வாரத்தில் ஆறு ஆறாகப் பிரித்து வைத்தேன். மரப்பெட்டியில் ஆறு. அதே மாதிரிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஆறு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஜெல்லோடு ஆறு. சன்னலோர இரும்பு அலமாரியில் திறந்தபடி ஆறு. வீட்டுக்குள் ஈரப்பதம் பெரும்பாலான நாட்கள் 85 சதவீதத்தைத் தாண்டியது.

பத்து வாரம் கழித்து மரப்பெட்டியில் நான்கு பூத்துவிட்டன. ஜெல் வைத்த மரப்பெட்டியில் ஒன்றுக்கு மட்டும் அடிப்பக்கப் பல் இடுக்கில் லேசாக வெள்ளை. ஐந்து நாளுக்கு ஒருமுறை ஜெல்லைச் சூடுகாட்டி எடுக்க வேண்டியிருந்தது, அது ஆகிற காரியமில்லை. பிளாஸ்டிக்கில் ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இரும்பு அலமாரிதான். மூடுபனி நேராக உள்ளே வரும் இடம், ஆனாலும் ஆறும் சுத்தம். ஈரம் மட்டும் ஓட்டை ஒன்றும் செய்வதில்லை, அமிலத்தோடு சேரும்போதுதான் வினை. அப்பத்தாவின் தகரப் பவுடர் டப்பா காப்பாற்றியதும் அதனால்தான்.

பூத்த 31ஐயும் ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் ஊறவைத்தேன். இரண்டு முறை தண்ணீர் மாற்றி, மெத்தென்ற பிரஷ்ஷால் பல் இடுக்கைத் தேய்த்து, நிழலில் இரண்டு நாள் காயவைத்தேன். வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டவே வேண்டாம், அதுவும் அமிலம்தான். 19 சோழி பழையபடி ஆனது. மற்ற 12இன் முதுகு சொரசொரவென்று மங்கிப்போனது. திரும்பப் பூச்சு ஏற்ற உள்ளே நத்தை இல்லை.

இப்போது 72 சோழிகள் பிளாஸ்டிக் டப்பாக்களில், இனவாரியாக. மங்கிய பன்னிரண்டையும் அப்பத்தா பவுடர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். “கையில நழுவாம நல்லாத்தான் இருக்கு” என்றார்.