டிரஸ்ஸிங் நாட்கள்

14 அக்டோபர் 2024, திங்கள்

என் கணவரின் படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற நாங்கள் வரும் மருத்துவமனையில், மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய வாகன நிறுத்த இடத்தில் இன்று வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார். ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்து, ஏசியை ஓடவிட்டு, கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கி, "சார் உள்ளே போயிருக்கார் மேடம், போன் வந்ததும் எடுத்திடுவேன்" என்றார். ஓட்டுநர் வண்டிக்குள் இருந்தால் அது வண்டியை நிறுத்தியதாகவே ஆகாது என்று இந்த ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். நாங்கள் இவரைப் போர்டிகோவில் இறக்கிக்கொண்டோம். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அவருக்கு நன்றி.

15 அக்டோபர், செவ்வாய்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் நெடுகிலும் கார்களை வரிசையாக நிறுத்தியிருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் பயப்படுவதில் தவறில்லை. ஆனாலும் ஒரு காருக்கு ஆபத்து என்றவுடன் இத்தனை பேருக்கு ஒரே இரவில் இடம் தேடத் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். இவர், "அதையும் இதையும் முடிச்சுப் போடாதே" என்றார்.

18 அக்டோபர், வெள்ளி

அந்த இடம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் எங்களுக்கு வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதுகாவலர்கூட, "கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் என்ன அம்மா, நான் தள்ளிக்கொண்டு வருகிறேனே" என்று அன்பாகத்தான் சொன்னார். தூரம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சக்கரத்தில் போகிறவருக்கு முப்பது மீட்டரும் ஒன்றுதான், நூறு மீட்டரும் ஒன்றுதான், தரை சமமாக இருந்தால் போதும். எங்களுக்கு வேண்டியது அகலம். சாதாரணக் கார் இடம் ஏறக்குறைய 2.5 மீட்டர், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்துக்கு விதிப்படி 3.6 மீட்டர். அந்தக் கூடுதல் அகலம் காருக்கு அல்ல. மஞ்சள் சாய்கோடு போட்டிருக்கும் 1.2 மீட்டரில்தான் கதவு முழுதாகத் திறக்க வேண்டும், திறந்த கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் சக்கர நாற்காலி சாய்வாக வந்து நிற்க வேண்டும், இருக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற உதவும் பலகையின் ஒரு முனை இருக்கையிலும் மறு முனை நாற்காலியிலும் படிய வேண்டும், அதற்குப் பிறகு இவர் இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, பலகையில் உரசாமல், சின்னச் சின்னதாக நகர்ந்து வர வேண்டும். வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தூக்கி நகர வேண்டும், இழுத்து நகரக் கூடாது.

கதவு பாதி திறந்தால் நாற்காலி நேராக வராது. நாற்காலி நேராக வராவிட்டால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் இழுத்துத்தான் ஆக வேண்டும். இழுக்கும்போது தோல் இருந்த இடத்திலேயே ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகர்கிறது. நடுவில் உள்ள சதையும் சின்ன இரத்தக் குழாய்களும் முறுக்கிக்கொள்கின்றன. வலி தெரிந்தால் கத்திவிடுவார். தெரியாது என்பதுதான் பிரச்சினை. புண் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாடி வைத்துக் காட்டினால்தான் அவருக்கே தெரியும்.

ஆகவே அந்தச் சாய்கோட்டில் யாரோ நிறுத்திவிட்டுப் போகும் ஒரு ஸ்கூட்டர், அதன் உரிமையாளர் நினைப்பதைப்போல, "யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓரம்" அல்ல.

21 அக்டோபர், திங்கள்

ஸ்கூட்டர் இரண்டாகிவிட்டது.

23 அக்டோபர், புதன்

தரையில் வரைந்திருக்கும் சக்கர நாற்காலி உருவத்தின் தலை டயர் பட்டுப் பட்டு அழிந்துபோயிருக்கிறது. கழுத்துக்குக் கீழே மட்டும் நீலத்தில் தெரிகிறது. இரவு தூக்கம் வராமல் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1968-ல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்த முதல் வடிவத்திலும் தலை கிடையாதாம், வெறும் நாற்காலிதானாம். மறு ஆண்டு கார்ல் மோன்டன் என்பவர் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்த பிறகுதான் அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். இவரிடம் சொன்னேன். "நம் ஆட்கள் மூலப்பிரதிக்கே போய்விட்டார்கள்" என்று சிரித்தார்.

அவர் சிரித்தது நல்லது. இன்று காய்ச்சல் இல்லை.

25 அக்டோபர், வெள்ளி

சிவப்புக் காரின் பின் கண்ணாடியில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர். மனத்துக்குள் ஒரு நிம்மதி, நம்மைப்போல ஒருவர். இறங்கியவர் படியேறி ஓடினார். ஓடியதற்காக நான் அவரைச் சந்தேகப்படவில்லை. பாகாயத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய். காலையில் அவள் நடப்பதைப் பார்ப்பவர்கள் மாலையில் அவள் கால்கள் துவண்டு கிடப்பதை நம்பமாட்டார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் அதுவும் ஒன்று, பார்க்கின்சனும் ஒன்று, தலசீமியாவும் ஒன்று. நடை ஒரு சான்றிதழ் ஆகாது.

ஆனால் திரும்பி வந்தவர் தாமாகவே சொன்னார்: அந்த ஸ்டிக்கர் பழைய கார் வாங்கும்போதே ஒட்டியிருந்ததாம், "இருந்தால் பார்க்கிங்குக்கு வசதியாக இருக்கிறது" என்று எடுக்கவில்லையாம். ஒளிவுமறைவே இல்லை. சென்னையில் வழக்கறிஞர், பத்திரிகை, மருத்துவர் என்று ஆளாளுக்கு ஒட்டிக்கொண்டு திரிந்ததால் கடந்த மே மாதம் போக்குவரத்துக் காவல்துறை அந்த ஸ்டிக்கர்களுக்கெல்லாம் கடிவாளம் போட்டது. சக்கர நாற்காலி ஸ்டிக்கருக்குக் கடிவாளமும் இல்லை, மதிப்பும் இல்லை. இங்கிலாந்தில் நீல அட்டை என்று ஒன்றை உள்ளாட்சியே ஆளின் பெயரில் கொடுக்கிறது. காரில் அதை வைத்திருக்க வேண்டும், இன்னொருவர் பயன்படுத்தினால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம், அதிகாரி பறிமுதலும் செய்யலாம். அங்கேயும் ஏமாற்றுகிறார்கள், ஆனால் ஏமாற்று என்று சொல்வதற்கு அங்கே ஓர் அட்டை இருக்கிறது. இங்கே தனித்துவ அடையாள அட்டை என்ற யூடிஐடி இவர் பர்சில் இருக்கிறது. அது ஆளுக்கான அட்டை; காரின் முன் கண்ணாடியில் வைக்க நாடு முழுவதற்கும் செல்லும்படியான எதுவும் நம்மிடம் இல்லை. பிறகு அந்தப் பாதுகாவலர் எதைக் கேட்டு யாரைத் தடுப்பார்?

31 அக்டோபர், தீபாவளி

இரண்டு இடங்களும் காலி. சாய்கோட்டில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. பட்டாசுப் புகைக்குள் கதவை முழுதாகத் திறந்து, அவசரமில்லாமல், பாடப்புத்தகத்தில் உள்ளபடி இறங்கினோம். "இன்றைக்கு ஊரில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை போலிருக்கிறது" என்றார் இவர். அத்தை கொடுத்தனுப்பிய லேகியத்தைப் பாதுகாவலருக்கும் கொடுத்தோம்.

4 நவம்பர், திங்கள்

விடுமுறை முடிந்த கூட்டம். இரண்டு இடங்களையும் நிறைத்திருந்தது வேலட் பையன்கள்தான். கொடுத்த சாவிகள் மலைபோல் சேர்ந்துவிட, கிட்டத்தில் இருக்கும் காலி இடத்தில் சொருகிவிட்டு அடுத்த காருக்கு ஓடுகிறார்கள். போர்டிகோவில் சரிவு இருக்கிறது, நாற்காலியின் பிரேக் பிடித்தும் வழுக்கியது. நான் பிடித்தேன். இவர் பாதி பலகையிலும் பாதி காற்றிலுமாக இருந்தார். பின்னால் ஹாரன், ஹாரன், ஹாரன். யாரோ ஒருவர் உதவுவதாக நினைத்துக் கால்களைப் பிடித்து இழுத்தார்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

6 நவம்பர், புதன்

கட்டைப் பிரித்தபோது செவிலியர் ஒன்றும் சொல்லாமல் மருத்துவரைக் கூப்பிடப் போனார். ஓரத்தின் அடியில் குழிவு கூடியிருக்கிறதாம். பஞ்சுக் குச்சி உள்ளே போன நீளத்தை நான் பார்த்துவிட்டேன். இன்னும் சில வாரம் பார்ப்போம், ஆறாவிட்டால் சதையை நகர்த்தி மூடும் அறுவை சிகிச்சை என்றார்கள்.

9 நவம்பர், சனி

நேற்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு. ராஜீவ் ரதூரி என்ற பார்வை மாற்றுத்திறனாளி 2005-ல் தொடுத்த வழக்கு. தலைமை நீதிபதி சந்திரசூட் தம் கடைசி வேலை நாளில் தந்திருக்கிறார். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயம் என்று சொன்னதை 2017-ஆம் ஆண்டு விதிகள் வெறும் பரிந்துரையாக்கிவிட்டன, ஆகவே 15-ஆவது விதியின் அந்தப் பகுதி சட்டத்துக்கு முரணானது, மூன்று மாதத்துக்குள் மைய அரசு கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்பது சாரம். "மூன்று மாதமா? தைப்பூசத்துக்குள் நமக்கு இடம் வந்துவிடும்" என்றார் இவர்.

சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பகல் முழுவதும் படித்தேன். பொதுக் கட்டடம் என்பதில் தனியார் மருத்துவமனையும் அடங்கும். பழைய கட்டடங்களுக்குக் கொடுத்த ஐந்து ஆண்டு அவகாசம் 2022 ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், மறுபடி மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம். எல்லாம் சரிதான். ஆனால் இவை யாவும் இடத்தை அமைக்க வேண்டியவரைப் பற்றியவை. அமைத்த இடத்தில் வந்து நிற்பவரைப் பற்றி அதில் தனியாக ஒரு பிரிவும் இல்லை. எங்கள் மருத்துவமனை இடத்தை ஒழுங்காகவே அமைத்திருக்கிறது. அளந்தும் பார்த்துவிட்டேன், 3.6 மீட்டர் சரியாக இருக்கிறது. யாராவது ஆய்வுக்கு வந்தால் முழு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் போவார்.

13 நவம்பர், புதன்

மேலாளரைப் பார்த்தேன். மரியாதையானவர், காபி கொடுத்தார். "நாங்கள் இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறோம் மேடம். வருகிறவர்களிடம் எந்த அட்டையைக் கேட்பது?" நான் உங்கள் அட்டையையே கேளுங்கள் என்றேன். யார் யார் சக்கர நாற்காலியில் டிரஸ்ஸிங்குக்கும் பிசியோதெரபிக்கும் வருகிறார்கள் என்பது உங்கள் கணினியில் இருக்கிறது, பதிவு மேசையிலேயே வண்டி எண் போட்டு ஓர் அட்டை அடித்துக் கொடுங்கள், அது இல்லாத வண்டியை வாசலிலேயே திருப்புங்கள் என்றேன். அப்போதுதான் சொன்னார்: வாகன நிறுத்தம் ஓர் ஒப்பந்ததாரருடையது, பாதுகாவலர்கள் இன்னொரு நிறுவனத்தின் ஆட்கள். ஒப்பந்ததாரருக்கு வருமானம் சீட்டுக் கணக்கில். காலியாக ஒரு இடம் நிற்பது அவருக்கு நஷ்டம். ஆக, சீட்டுக் கொடுப்பவருக்கு அந்த இடம் நிறைய வேண்டும், பாதுகாவலருக்கு யாரையும் தடுக்க அதிகாரம் இல்லை, மேலாளருக்கு இரண்டு பேரும் தம் ஆட்கள் இல்லை.

வெளியே நின்ற போக்குவரத்துக் காவலரையும் கேட்டேன். காம்பவுண்டுக்குள் நடப்பது தம் வேலை இல்லை என்றார்.

20 நவம்பர், புதன்

பாதுகாவலர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் நாட்களில் காலை எட்டு மணிக்கே தம் பிளாஸ்டிக் நாற்காலியை அந்த இடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பெரிய வண்டி ஏதாவது மூக்கை நுழைத்தால், "டீன் சார் வண்டி வருதுங்க" என்று பொய் சொல்கிறாராம். மாற்றுத்திறனாளிக்கு என்று சொன்னால் நகராதவர்கள் டீனுக்கு என்றதும் பின்னால் எடுக்கிறார்களாம். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், விழுப்புரம் பக்கம், முட்டி வலி. எங்களுக்காக வெயிலில் உட்காருகிறார்.

ரொம்ப உருகிப்போய் வீட்டுக்கு வந்தேன். இரவில்தான் கோபம் வந்தது. விதிப்படி எங்களுடையதாக இருக்க வேண்டிய இடம் ஒரு பெரியவரின் தயவிலும் ஒரு பொய்யிலும் நிற்கிறது. எங்களுக்குப் பிறகு பத்தரை மணிக்கு வரும் கால் இழந்த கல்லூரிப் பையனுக்காக அவர் உட்காருவதில்லை. அவன் லேகியம் கொடுத்தவன் இல்லையே.

25 நவம்பர், திங்கள்

பையனின் அம்மாவிடம் பேசினேன். நேரம் சொல்லி வைத்திருக்கிறேன். நாங்கள் எடுப்பதும் அவர்கள் நுழைவதும் ஒரே சமயத்தில்.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். புண்ணிலிருந்து நீர் அதிகமாக வருகிறது. வீட்டில் நானே கட்டை மாற்றினேன்.

3 டிசம்பர், செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் தினம். தரையிலுள்ள சக்கர நாற்காலிப் படத்தைப் புதிதாக, பளபளவென்று நீலத்தில் வரைந்திருக்கிறார்கள். தலையும் வந்துவிட்டது. சாய்கோடுகளுக்கு மட்டும் பெயின்ட் போதவில்லையோ என்னவோ, அப்படியே மங்கிக் கிடக்கின்றன, அதன்மேல் மூன்று ஸ்கூட்டர்கள். ஒருவர் கேமராவோடு வந்து இவரைப் படத்தின் பக்கத்தில் நிறுத்தி எடுக்கலாமா என்று கேட்டார். "ஸ்கூட்டரையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் வருகிறேன்" என்றார் இவர். எடுக்கவில்லை.

பெரியவரைக் காணோம். விழுப்புரத்தில் வீட்டுக்குள் வெள்ளமாம், ஊருக்குப் போயிருக்கிறார். புதிதாக வந்திருக்கும் பையனுக்கு இருபது வயது இருக்கும், நாங்கள் எதற்காக அந்த இடத்தைக் கேட்கிறோம் என்று புரியவில்லை. சாய்கோட்டைக் காட்டி, கதவைத் திறந்து காட்டி, பலகையை எடுத்துக் காட்டினேன். "ஓ, இதுக்குத்தான் இந்தக் கோடா? நான் சும்மா டிசைன்னு நினைச்சேன்" என்றான். இரண்டு ஸ்கூட்டரை அவனே தூக்கி வைத்தான்.

6 டிசம்பர், வெள்ளி

மேலாளரிடமிருந்து பதில் மின்னஞ்சல். அட்டை யோசனை "பரிசீலனையில் உள்ளது." பெரியவர் இன்னும் வரவில்லை. அவர் எண்ணுக்குப் பணம் அனுப்பினேன்.

9 டிசம்பர், திங்கள்

அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. முடிந்ததும் பல வாரம் குப்புறவும் பக்கவாட்டிலுமாகப் படுக்கைதான், பிறகு கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று உட்காரப் பழக வேண்டும், அதுவரை கார் இருக்கையைப் பற்றிய பேச்சே இல்லை. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, இடத்தைக் கல்லூரிப் பையனுக்கு எழுதி வைத்துவிடலாமா என்று கேட்டார். பையனின் அம்மாவுக்கு மேலாளரின் மின்னஞ்சல் முகவரியை அனுப்பியிருக்கிறேன். அவரும் எழுதட்டும், டயாலிசிஸுக்கு வரும் ஓர் அம்மாவின் மகனும் எழுதட்டும். புதன்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து சேரச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸா, நம் காரா என்று கொழுந்தன் கேட்கிறான். அந்த நேரத்துக்கு இடம் காலியாகத்தான் இருக்கும், காரையே எடுத்துக்கொள்ளலாம்.